பச்சை நிறத்துப் பகை

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் இருக்கிறது ஒரகடம். ஏரிப் பாசனத்தையும், வானம் பார்த்த புன்செயையும் நம்பி வாழ்ந்த சிற்றூர் அது. இன்றோ மோட்டார் வாகனத் தொழிலின் தலைவாயில்களுள் ஒன்றாக உலகோர் அதனை அறிவர். 2010-ஆம் ஆண்டில் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் அங்கே இயங்கத் தொடங்கின. அவற்றுக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் சிறு தொழிற்சாலைகள் சுற்றிலும் முளைத்தன. நெல் விளைந்த வயல்களின் அருகே பல மாநிலத்துத் தொழிலாளர் தங்கும் விடுதிகள் எழுந்தன.

இச்சாலைகளில் பேருந்தில் செல்வோரின் கண்களைக் கவர்வன உயர்ந்த மதில்களும் அகன்ற வாயில்களும் ஆகும். மதிலுக்கும் மதிலுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போர் சிலரே. கையகப்படுத்தப்பட்டும் இன்னும் கட்டடம் எழும்பாத நிலம், கல் நட்டுக் கூறு போட்டு விற்கப்பட்ட மனைகள், உழுவார் இன்றிக் கரம்பாகிப் போன கழனி, தூர்ந்து கிடக்கும் வாய்க்கால், ஏரிக்கரை ஆகியவை அங்கே இருக்கின்றன. இவ்விடங்களில் யாரும் விதைக்காமலே இரண்டு தாவரங்கள் அரசாட்சி செய்கின்றன. ஒன்று, கேரட் இலை போன்ற இலையும் வெள்ளை வெளேரென்ற சிறு பூவும் கொண்ட பார்த்தீனியம். மற்றொன்று, வடமாவட்டத்து மக்கள் வேலிகாத்தான் என்றும், தென்மாவட்டத்தார் சீமைக் கருவேல் என்றும் அழைக்கும் முள்மரம்.

இவ்விரண்டும் வளர்ந்த இடத்தைச் சற்று நின்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பார்த்தீனியம் அடர்ந்த மனையில் அறுகும் கோரையும் ஒதுங்கிப் போயிருக்கும். நன்கு தழைத்த வேலிகாத்தான் மரத்தின் அடியில் புல்லும் பூண்டும் அருகியே காணப்படும். இதற்குக் காரணம் யாது? நிழல் என்போம், நிலத்தின் நீரையும் சத்தையும் அவை உறிஞ்சிவிடுகின்றன என்போம். இவ்விடைகளில் உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மை இல்லை. அண்டை அயலில் முளைக்கும் செடிகளைத் தடுப்பதற்குச் சில தாவரங்கள் இரசாயனப் பொருள்களைத் தம் உடலிலேயே உண்டாக்கி வெளியிடுகின்றன என்பதே எஞ்சிய உண்மை. ஓடவும் ஒளியவும் இயலாத உயிர்கள் நடத்தும் ஓசையற்ற போர் என்று இதனைக் கூறலாம்.

இந்நிகழ்ச்சிக்கு அல்லெலோபதி என்று பெயரிட்டவர் ஹான்ஸ் மோலிஷ் என்னும் ஆஸ்திரியத் தாவரநூல் அறிஞர். ‘ஒன்றுக்கொன்று’ என்றும் ‘பாடு’ என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1937-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அவர் இப்பெயரை வழங்கினார். இவருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1928-29-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் சில மாதங்கள் தங்கிப் பணியாற்றியவர் அவர். அவருடைய 1937-ஆம் ஆண்டு நூல் பெரிதும் ஆராய்ந்தது நம் இல்லத்தரசிகளுக்கு நன்கு தெரிந்த ஒரு செய்தியையே. பழுத்த பழம் ஒன்றைக் காய்களோடு வைக்கோலில் மூடி வைத்தால் காய்கள் விரைவில் பழுத்துவிடுகின்றன அல்லவா? பழத்திலிருந்து வெளிப்படும் எத்திலீன் என்னும் வாயுவே அதற்குக் காரணம். ஆப்பிள் பழங்களிலிருந்து வரும் அவ்வாயு அருகிலுள்ள வேறு செடிகளின் வளர்ச்சியையும் மாற்றுவதை மோலிஷ் காட்டினார். ஒரு தாவரம் தன்னைத் தொடாத மற்றொரு தாவரத்தை இரசாயனத்தால் ஆட்டி வைக்கக் கூடும் என்பது அங்கே உறுதியாயிற்று.

பெயர் புதிதே தவிர, செய்தி பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தியோபிராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர், கொண்டைக்கடலை நிலத்தைக் களைப்படையச் செய்வதையும் களைகளை அழிப்பதையும் குறித்து வைத்துள்ளார். கொண்டைக்கடலைச் செடியின் இலைகளிலும் காய்களிலும் நுண்ணிய மயிர்கள் உண்டு. அவற்றின் நுனியில் மாலிக், ஆக்சாலிக் அமிலங்கள் கலந்த புளிப்பு நீர் துளிர்க்கும். இரவில் செடிகளின் மேல் மெல்லிய துணியை விரித்துப் பனியோடு சேர்த்து அந்நீரை ஊற வைத்து, விடியலில் பிழிந்தெடுத்துக் கடலைப் புளிப்பு என்னும் மருந்தாக நம் நாட்டார் பயன்படுத்தினர். நமக்கு மருந்தாகிய அப்புளிப்புக்கும், கிரேக்கர் கண்ட களையழிவுக்கும் நேர்த் தொடர்பு உண்டு என்று நாம் அடித்துக் கூறவில்லை. ஒரு செடி தன் உடம்பிலிருந்து எவ்வளவு வெளிப்படையாக இரசாயனத்தை வடிக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேறில்லை என்பதற்காகவே கூறினோம்.

தாவரத்தின் இரசாயனம் அயலாரைச் சென்றடையும் வழிகள் சில. மழை நீரும் பனி நீரும் இலையைக் கழுவி மண்ணில் இறக்குகின்றன. வேர்கள் நேரடியாகவே மண்ணில் கசிய விடுகின்றன. உதிர்ந்த சருகு மக்கும்போது அதிலிருந்த பொருள் விடுபடுகிறது. தைல மரம் போன்று மணமுள்ள தாவரங்களில் ஆவியாகவும் வெளியேறுகிறது. மண்ணை அடைந்த பின் அப்பொருளின் கதி என்ன என்பது வேறு கதை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து விடலாம். களிமண் பற்றிக் கொள்ளலாம். மணற்பாங்கான நிலத்தில் அடுத்த மழையோடு கீழே போய்விடலாம். ஒரே செடி ஓரூரில் கொடியதாகவும் மற்றோரூரில் சாதுவாகவும் தோன்றுவதற்கு இஃது ஒரு காரணம்.

மேனாட்டு நூல்களில் இவ்விஷயத்துக்கு முதல் எடுத்துக்காட்டாக வருவது வால்நட் மரம். அதன் வேரிலும் இலையிலும் பழத்தோலிலும் உள்ள ஜுக்லோன் என்னும் பொருளே அருகில் நட்ட தக்காளிச் செடிகள் வாடுவதற்குக் காரணம் என்று 1920-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எழுதினர். காஷ்மீரத்தாருக்கு அம்மரம் பழக்கமானது, நமக்கு அன்று. நமக்குப் புளிய மரம் இருக்கிறது. புளிய மரத்தடியில் பயிர் தேறாது என்பது குடியானவர் எல்லாரும் அறிந்ததே. இரவில் அம்மரத்தடியில் படுக்கலாகாது என்பதற்குப் பேய்க்கதை கட்டிய நம் முன்னோர், பகலில் அங்கே செடி முளைக்காததையும் கவனித்தே இருப்பர். ஜப்பானில் யோஷிஹாரு ஃபூஜி என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் நூற்றுக்கணக்கான தாவரங்களின் இலைகளை ஆகார் என்னும் கூழ்ப்படலங்களுக்கு நடுவே வைத்து, மேலே விதை இட்டுச் சோதித்தனர். புளியின் இலையும் வேரும் விதைகளின் வளர்ச்சியைத் தடுப்பதை அவர்கள் கண்டனர். நம் காடுகளில் படரும் பூனைக்காலியின் ஆற்றலுக்கு எல்-டோபா என்னும் பொருள் காரணம் என்று காட்டியவரும் அவரே. நடுக்குவாத நோய்க்கு மருத்துவர் கொடுக்கும் அதே எல்-டோபாதான்!

கோதுமையோடு வந்த விருந்தாளி

இனி ஒரகடத்து மனைகளுக்குத் திரும்புவோம். பார்த்தீனியம் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய வெப்ப அமெரிக்காவுக்கு உரிய செடி. 1955-ஆம் ஆண்டில் புனே நகரில் இது கண்டறியப்பட்டது. இறக்குமதியான கோதுமையில் கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. அதன் பின் புகைவண்டிப் பாதையோரமும், லாரிகள் சென்ற வழியெல்லாமும் பரவி, சில பத்தாண்டுகளில் நாடு முழுவதும் குடியேறிவிட்டது. ஒரே செடி 15,000 முதல் 25,000 வரை விதைகளை உதிர்க்க வல்லது. விதையோ மிகச் சிறியது. காற்றிலும் நீரிலும் சேற்றோடு டயரிலும் ஒட்டிக்கொண்டு போகும். மண்ணும் ஜல்லியும் ஏற்றிய வண்டிகள் இரவு பகலாக ஓடும் ஊர் இதற்கு எத்துணை வாய்ப்பானது என்பதை விளக்க வேண்டியதில்லை. தோண்டிப் புரட்டிப் போட்ட வெற்று மண்ணே இதற்குப் பிடித்த படுக்கை.

இச்செடியின் ஆயுதம் பார்த்தெனின் என்னும் கசப்புப் பொருள். இலையிலும் பூவிலும், தண்டின் மேலுள்ள நுண்மயிர்களிலும் அது செறிந்துள்ளது. அதனோடு காஃபியிக், ஃபெருலிக், வானிலிக் முதலிய அமிலங்களும் உண்டு. மழையில் கரைந்தும் சருகு மக்கியும் இவை மண்ணில் இறங்கி, பிற விதைகள் முளைப்பதையும் இளவேர் நீள்வதையும் தடுக்கின்றன. பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இவை தீங்கிழைக்கின்றன.

எல்லாவற்றினும் வியப்பானது பெங்களூரு ஆராய்ச்சியாளர் இருவர் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி. பார்த்தீனியத்தின் மகரந்தத் தூள் காற்றில் பறந்து பிற செடிகளின் இலைகள்மீது படியும்போது, அவ்விலைகளின் பச்சையம் குறைவதை அவர்கள் கண்டனர். தக்காளி, கத்தரி, மிளகாய் முதலியவற்றின் சூலகமுடியில் அது விழுந்தால் காய் பிடிப்பதே குன்றிவிடுகிறது. பூவின் வழியாகவும் நஞ்சு ஊட்ட முடியும் என்பதை அதற்கு முன் யாரும் இவ்வாறு காட்டியதில்லை. காலி மனைக்கு அடுத்த தோட்டத்தில் கத்தரி காய்ப்பு வைக்கவில்லை என்று ஒருவர் குறைப்பட்டால், பூச்சியையும் உரத்தையும் மட்டும் நினையாமல் வேலிக்கு அப்பாலும் ஒரு முறை எட்டிப் பார்ப்பது நலம்.

செடிகளைத் தாக்கும் இதே பார்த்தெனின் மனிதரையும் விடுவதில்லை. இதனோடு பலகாலம் பழகியவர்களுக்குத் தோல் அழற்சி தோன்றுகிறது. முதலில் முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். பின்னர்த் தோல் தடித்துக் கறுத்துப் போகும். மகரந்தத்தை முகர்வதால் மூக்கொழுகலும், சிலருக்கு ஆஸ்துமாவும் வரும். ஒரு முறை உடம்பு இதற்குப் பகையாகிவிட்டால் பிறகு செடியின் அருகே சென்றாலே போதும், அழற்சி மீண்டும் தலைகாட்டும். ஆடு மாடுகள் இதை விரும்பி உண்பதில்லை. வேறு தீனி இல்லாமல் உண்டால் பாலில் கசப்பேறும்.

காலி மனைகளைச் சுத்தம் செய்யக் கூலிக்கு வருவோர் யார்? பெரும்பாலும் ஊரிலுள்ள ஏழைப் பெண்மணிகள். வெறுங்கையால் செடியைப் பிடுங்கி, மார்போடு அணைத்துக் கட்டாகச் சுமந்து செல்லும் காட்சி நம் ஊர்ப்புறங்களில் அரிதன்று. அரிப்பு எடுத்தால் வெயில் என்பர், வியர்க்குரு என்பர், தண்ணீர் சேரவில்லை என்பர். அவர்களை வேலைக்கு அமர்த்துவோர் இரண்டு கையுறைகளும் முகத்தை மூட ஒரு துணியும் வாங்கிக் கொடுத்தல் பெரிய செலவாகாது. பிள்ளைகள் இப்பூவைப் பறித்து விளையாடுவதைக் கண்டால் பெற்றோர் தடுத்தல் வேண்டும். அழற்சி கண்டவர் கடைக் களிம்பைத் தாமாகவே வாங்கித் தடவிக்கொண்டிராமல், தோல் மருத்துவரிடம் சென்று, தாம் எந்தச் செடியோடு பழகுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை கேட்டால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

வன்னியும் வேலிகாத்தானும்

சீமைக் கருவேலின் வரலாறு இன்னும் பழையது. 1877-ஐ ஒட்டிய ஆண்டுகளில், விறகுப் பஞ்சம் தீர்க்கும் நோக்கத்தோடு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பைப் பகுதியில் இதன் விதைகள் விதைக்கப்பட்டன. நோக்கம் நிறைவேறியது என்பதை மறுக்க இயலாது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளில் இதை வெட்டிக் கரி மூட்டம் போட்டு உயிர் வளர்த்த ஏழைக் குடும்பங்கள் ஏராளம். ஆயின், அழைக்கப்பட்ட எல்லையோடு நிற்கும் விருந்தாளி அன்று இது. இதன் இனிய நெற்றுகளை ஆடு மாடுகள் தின்று, போகுமிடமெல்லாம் சாணத்தோடு விதையை இட்டுச் செல்கின்றன. இதன் உறவு மரம் ஒன்றின் வேர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சுரங்கம் ஒன்றில் 50 மீட்டருக்கும் கீழே காணப்பட்டதாம்! ஏரிகள் மலிந்த செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் தூர் வாரப்படாத ஏரிகளின் உட்புறம் முழுவதும் இம்மரம் கவிந்து கிடப்பதைக் காண்கிறோம்.

இம்மரத்தின் இலைகளை நீரில் ஊற வைத்து, அந்நீரைப் பகுத்தாய்ந்த ஜப்பானிய ஆராய்ச்சியாளர், அதில் பிற செடிகளின் வேரைத் தடுக்கும் பொருள்களுள் ஒன்று எல்-ட்ரிப்டோஃபான் என்று கண்டனர். உயிர்களின் புரதத்தில் இயல்பாகவே உள்ள அமினோ அமிலம் அது. உணவாகும் பொருளே அளவு மிஞ்சினால் அயலாருக்கு நஞ்சாகிறது!

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு மிகவும் சுவையானது. நம் சிவாலயங்கள் பலவற்றில் தலமரமாக நிற்கும் வன்னி, சீமைக் கருவேலுக்கு நெருங்கிய உறவு. இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தே தாவரநூலார் நெடுங்காலம் பேசி வந்தனர். முள், இலை, நெற்று யாவற்றிலும் சாயல் உண்டு. ஆயினும் குணம் வேறு. இராஜஸ்தானத்து உழவர் வன்னி மரத்தை வயலின் நடுவிலேயே வளர்க்கின்றனர். அதனடியில் கம்பு செழித்து விளைகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்து இந்தர்ஜித் முதலானோர் பல நாட்டு அறிஞருடன் சேர்ந்து செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. இந்தியாவில் சீமைக் கருவேலின் அடியில் தாவர வகைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. வன்னியின் அடியிலோ அவ்வாறு குறையவில்லை. அதே சீமைக் கருவேல் தன் தாயகமான வெனிசுவேலாவில் அயலாரை இவ்வாறு நசுக்கவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது.

பிறந்த ஊரில் சாதுவாக இருந்தது புகுந்த ஊரில் கொடுமை செய்வானேன்? விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம் இது: தாயகத்தில் அண்டைச் செடிகளும் மண்ணின் நுண்ணுயிர்களும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அந்த இரசாயனத்தோடு வாழ்ந்து பழகி, தாங்கும் திறனைப் பெற்றுவிட்டன. நம் மண்ணின் செடிகளுக்கோ அது முன்பின் அறியாத நஞ்சு. அமெரிக்காவின் ரேகன் கால்லவே என்பவரும் அவர்தம் துணைவரும் வேறொரு களையைக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் இக்கருத்துக்குச் சான்று தேடினர். மண்ணில் கரித்தூளைக் கலந்து பார்த்தனர். கரி நஞ்சைப் பற்றிக் கொள்வதால் களையின் வலிமை குன்றியது. நம் ஊரில் சீமைக் கருவேலையே கரியாக்கி விற்பதை எண்ணினால் நமக்குச் சிறிது சிரிப்பு வருகிறது.

இம்மரத்தைக் குறித்து ஊரில் உலவும் கதைகளும் பல. காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், நிழலில் கட்டிய மாடு மலடாகும், மழையே வராது என்றெல்லாம் மேடையிலும் துண்டுப் பிரசுரங்களிலும் கூறுகின்றனர். இவற்றுக்குத் தக்க சான்று இல்லை. உள்ள குற்றமே போதுமானதாயிருக்க, இல்லாத குற்றத்தையும் ஏன் சுமத்த வேண்டும்? 2017-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்றுமாறு ஆணையிட்டதும், ஊர்தோறும் இயந்திரங்கள் புறப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அதே ஆண்டில் அவ்வாணை நிறுத்தி வைக்கப்பட்டு, நிபுணர் கருத்துக் கேட்கப்பட்டது. 2022-இல் தமிழக அரசு அயல்நாட்டு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. வெட்டுவது எளிது, வெட்டிய இடத்தில் என்ன நடுகிறோம் என்பதில்தான் சிக்கல். வேரோடு எடுக்காத அடிமரம் ஒரே மழையில் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். வேரோடு எடுத்தாலும் வெறுமையாக விட்டால் மண்ணில் கிடக்கும் விதைகள் முளைத்துவிடும். அல்லது, அந்த வெற்று மண்ணில் பார்த்தீனியம் வந்து அமரும்!

எச்சரிக்கையாய் ஒரு கதை

ஒரு மரத்தடி வெறுமையாயிருந்தால் உடனே நஞ்சு என்று முடிவு கட்டுவோருக்குக் கலிஃபோர்னியாவில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். அங்குள்ள மலைச்சரிவுகளில் சால்வியா என்னும் மணமுள்ள புதரைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல்லே முளைப்பதில்லை. கார்னீலியஸ் முல்லர் என்ற அறிஞர், புதரிலிருந்து எழும் தைல ஆவியே காரணம் என்று 1964-இல் எழுதினார். உலகெங்கும் பாடநூல்களில் அப்படம் ஏறிற்று. 1970-இல் புரூஸ் பார்த்தலமியூ என்பவர் ஒரு காரியம் செய்தார். எலி, முயல், பறவைகள் நுழையாதபடி அவ்வெற்று வளையத்தின் சில பகுதிகளைக் கம்பி வலையால் மூடி வைத்தார். வலைக்குள் புல் முளைத்தது! புதருக்குள் ஒளிந்து வாழும் சிற்றுயிர்கள், பகைக்கு அஞ்சி நெடுந்தொலைவு செல்லாமல் அருகிலுள்ள புல்லையே மேய்ந்திருந்தன. ஆவிக்கு அதில் பங்கே இல்லை என்று அதனால் ஆகிவிடவில்லை. ஆனால் வெற்றிடத்தைப் பார்த்த அளவில் தீர்ப்பு எழுதுவது தவறு என்பதை விஞ்ஞான உலகம் கற்றுக்கொண்டது. ஒரகடத்து வேலிகாத்தான் அடியிலும் நிழலுக்கும், நீர்ப் பஞ்சத்துக்கும், வெயிலுக்கு ஒதுங்கும் ஆடுகளுக்கும் உரிய பங்கைக் கழித்தே நஞ்சின் பங்கைக் கணக்கிட வேண்டும்.

இதே ஆற்றலை உழவர் தமக்கு நண்பனாக்கிக் கொண்ட வரலாறும் உண்டு. சோளத்தின் வேர் மயிர்களிலிருந்து சோர்கோலியோன் என்னும் எண்ணெய்ப் பசைப் பொருள் கசிந்து சிறு களைகளை அடக்குகிறது. பாகிஸ்தானத்து பைசலாபாத் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் முதிர்ந்த சோளத் தட்டையை நீரில் ஊற வைத்து வடித்து, அந்நீரைக் கோதுமை வயலில் தெளித்துக் களையைக் குறைத்தனர். நெல்லிலும் சில வகைகள் மோமிலாக்டோன் என்னும் பொருளை வேர் வழியே கசிய விட்டுக் களைகளைத் தடுப்பது அறியப்பட்டுள்ளது. 1973-இல் நெல் உமியிலிருந்துதான் அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது.

கரும்பிலும் சோளத்திலும் வேரைப் பற்றி உறிஞ்சும் சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணியை நம் உழவர் அறிவர். ஆப்பிரிக்காவில் அது மக்காச்சோளத்துக்கே எமனாக இருந்தது. கென்யாவின் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜியாவுர் கான் என்னும் இந்திய விஞ்ஞானியும் அவர் குழுவினரும், மக்காச்சோள வரிசைகளின் இடையே டெஸ்மோடியம் என்னும் பயறு வகைத் தீவனச் செடியை விதைக்கச் செய்தனர். டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவில் ஒரு பொருள் சுடுமல்லி விதையை முளைக்கத் தூண்டுகிறது; இன்னொன்று முளைத்ததைப் பற்றவிடாமல் தடுக்கிறது. பற்றுக்கோடில்லாத முளை மண்ணிலேயே மடிகிறது. ஏழை உழவருக்குக் காசு செலவின்றி மாட்டுக்குத் தீவனமும் கிடைத்தது.

பெரிய கம்பெனிகளும் இதனைக் கவனியாமல் இல்லை. 1977-இல் கலிஃபோர்னியாவில் இரசாயனக் கம்பெனி ஒன்றின் விஞ்ஞானி, நம் பூங்காக்களிலும் காணப்படும் சிவந்த பாட்டில் பிரஷ் மரத்தின் அடியில் களை குறைவாயிருப்பதைக் கண்டார். அதன் இரசாயனத்தை மாதிரியாகக் கொண்டு பல ஆண்டுகள் உழைத்துச் செய்த மெசோட்ரையோன் என்னும் களைக்கொல்லி 2001-இல் மக்காச்சோள வயல்களுக்கு வந்தது.

ஒரகடத்தார் செய்யக் கூடியன

பார்த்தீனியத்துக்கும் மாற்றுச் செடிகள் உண்டு. கர்நாடகத்தில் தகரை இனத்துச் செடியொன்றை விதைத்துப் பார்த்தீனியத்தைப் பின்வாங்கச் செய்தனர். ஊசித்தகரை, ஆவாரை, கொழுஞ்சி, முள்ளுக்கீரை ஆகியவை இதனோடு போட்டியிட வல்லவை என்று வேளாண் அறிஞர் பரிந்துரைக்கின்றனர். இவற்றுள் எதையும் கடையில் தேடி வாங்க வேண்டியதில்லை. நம் சாலையோரத்திலேயே விதை முற்றி நிற்கும். ஆவாரையும் கொழுஞ்சியும் நம் நாட்டுக்கே உரியவை. மண்ணுக்கும் மருந்துக்கும் உதவுபவை. மழைக்காலத் தொடக்கத்தில் இவற்றின் விதைகளைக் காலி மனைகளில் தூவி விடுவது ஒரு நாள் வேலை.

மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1984-இல் பெங்களூருவில் வெளியில் விடப்பட்ட ஒரு சிறு வண்டும் பார்த்தீனிய இலையைத் தின்கிறது. சூரியகாந்தியையும் தின்றுவிடும் என்று 1990-களில் கிளம்பிய அச்சம் பின்னர் அடங்கிற்று. இவ்வண்டு மழைக்காலத்தில் பெருகி, கோடையில் மண்ணுக்குள் உறங்கும். பார்த்தீனியமோ ஈரம் கிடைத்த போதெல்லாம் முளைக்கும். ஆகவே வண்டை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

பயிரில்லாத திறந்த வெளியில் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, சிறிது சோப்புத் திரவம் சேர்த்துத் தெளிப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறும் எளிய முறை. நாளை வீடு கட்டித் தோட்டம் போட எண்ணியிருக்கும் மனையில் உப்பை மண்ணிலேற்றுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும் என்பது நம் கருத்து. கையுறை அணிந்து, மழை பெய்து மண் இளகிய மறுநாள், பூப்பதற்கு முன்னரே வேரோடு பிடுங்குவதே எல்லாவற்றிலும் நல்லது. முளைத்த நாலைந்து வாரங்களில் இது பூத்துவிடும் என்பதால் காலம் தாழ்த்தலாகாது. பூக்காத செடியைக் குழியில் இட்டு மக்க வைத்து உரமாக்கலாம். பூத்ததை இட்டால் உரத்தோடு விதையும் வயலுக்குப் போகும். ஜபல்பூரிலுள்ள மத்திய களை ஆராய்ச்சி நிலையத்தார் ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கொண்டாடச் செய்கின்றனர். நம் பகுதிக்குப் பெருமழை ஐப்பசியில்தான் என்பதால், இங்கே இரண்டாவது வாரம் ஒன்றைக் கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாம்.

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இவ்விஷயத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பார்த்தீனியத்தைத் தொட வேண்டாம். தைல மரத்தின் உலர்ந்த இலையோ புளிய இலையோ போதும். ஒரு கைப்பிடி இலையை ஒரு தம்ளர் நீரில் ஓரிரவு ஊற வைத்து வடிகட்டுக. மூன்று தட்டுகளில் ஈரத் துணி விரித்து, ஒவ்வொன்றிலும் இருபது பச்சைப்பயறு இடுக. முதல் தட்டுக்குச் சாதாரண நீரும், இரண்டாவதற்கு ஊறல் நீரும், மூன்றாவதற்கு ஊறல் நீரில் பத்து மடங்கு நீர் கலந்ததும் தெளித்து வருக. ஊறல் மிகவும் கெட்டியாயிருந்தால் நஞ்சினாலன்றி அதன் அடர்த்தியினாலேயே விதை முளைக்காமல் போகக் கூடும். அதனால்தான் மூன்றாம் தட்டு. நான்காம் நாள் எத்தனை பயறு முளைத்தன என்று எண்ணி, ஒவ்வொன்றின் வேரையும் அளவுகோலால் அளந்து ஒரு தாளில் குறித்துக் கொள்க.